எந்த ஒரிஜினல்?
ஊவாவின் ஒரு மொரிஸ் மைனர் சொல்லும் வரலாறு

பத்தாம் தர மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஆண்டுதோறும் ஒரு சிறு வேலை கொடுப்பது என் வழக்கம். வீட்டில் இருக்கும் பழைய பொருள் ஒன்றைத் தெரிவு செய்து, அது எங்கிருந்து வந்தது, யார் யார் கையில் இருந்தது, எப்போது பழுதுபட்டது, எப்படித் திருத்தப்பட்டது என்பவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும். அநேகமாக செம்பு, படிக்கம், சுவர் மணிக்கூடு, தையல் இயந்திரம் என்பனவே வந்து சேரும். 2024ஆம் ஆண்டு ஒரு மாணவன் தன் பாட்டனாரின் காரைப் பற்றி எழுதி வந்தான்.

பதுளையிலிருந்து பசறை போகும் பாதையோரக் கடை ஒன்றின் பின்புறக் கொட்டிலில், தகரக் கூரையின் கீழ், கோழிகளுக்கு அடைக்கலமாக நின்றிருந்தது அந்த மொரிஸ் மைனர். பாட்டனார் காலமானபின் வாரிசுகள் அதைக் கொழும்புவாசி ஒருவருக்கு விற்க இணங்கியிருந்தார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போன காலம் அது. கோழிக்கூட்டுக்கும் விலை வந்துவிட்டது என்று ஊரில் சிரித்தார்கள். வாங்கியவர் பழைய கார்களை நேசிப்பவர், நல்ல மனிதர். அவர் கேட்டது ஒன்றே: கார் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ, அப்படியே அதை ஒரிஜினலாக மீட்டெடுக்க வேண்டும்.

அந்த வேலையின் முதற்பகுதி, அதாவது காரைக் கழற்றிப் பிரிக்கும் வேலை, அதே காரை நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பார்த்து வந்த ஒரு பாஸிடம் ஒப்படைக்கப்பட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்து, சிறுவயதில் கராஜ் ஒன்றில் கையாளாகச் சேர்ந்து தொழில் பழகியவர். மாணவனின் கட்டுரையைச் சரிபார்க்கலாம் என்று நான் அவரிடம் போனபோது, கையை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"சேர், ஒரிஜினல் ஒரிஜினல்னு சொல்றாங்களே, எந்த ஒரிஜினல்? இந்தக் கார் எனக்குத் தெரிஞ்ச நாளையிலிருந்து இப்படித்தான் இருக்கு."

அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. தேடிப் படித்ததும் கேட்டறிந்ததும் இங்கு கட்டுரையாகின்றன.

ஆசனத்தின் கீழே ஒரு காகிதம்

பழைய காரை மூல நிலைக்கு மீட்பது ஒரு பெரும் கலையாகவும் பெரும் வணிகமாகவும் வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கு இதன் உச்சமாகக் கருதப்படுபவை 'மஸல் கார்' என்று அழைக்கப்படும் வலுமிக்க கார்கள். நடுத்தர அளவான சாதாரணக் காரின் உடலுக்குள் மிகப் பெரிய இயந்திரத்தைப் பொருத்தி, இளைஞர்களுக்கு எட்டக்கூடிய விலையில் விற்பதே இதன் சூத்திரம். 1964இல் வந்த பொன்டியாக் ஜி.டி.ஓ. இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட இயந்திரத்தைப் பூட்டக் கூடாது என்பது ஜெனரல் மோட்டர்ஸ் தலைமையின் விதி. பொன்டியாக் பொறியியலாளர்கள் 389 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 6.4 லீற்றர் இயந்திரத்தை, வாடிக்கையாளர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் மேலதிக அம்சமாகக் காட்டி அந்த விதியைத் தாண்டினர். முதல் வருடத்திலேயே 32,450 கார்கள் விற்பனையாகின. உயர்ந்துவந்த காப்புறுதிக் கட்டணங்களும், 1970இன் தூய காற்றுச் சட்டமும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து பத்தாண்டுக்குள் இந்தக் கார்களின் காலத்தை முடித்து வைத்தன.

முடிந்த பிறகுதான் அவற்றின் மதிப்பு தொடங்கியது. 1971ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா திறந்த கூரைக் கார்களில் தயாரிக்கப்பட்டவை 11 மட்டுமே. அவற்றில் ஒன்று 2014இல் 35 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. இந்த விலைக்கு அடிப்படை, கார் அரிது என்பது மட்டுமல்ல. பிறந்தபோது இருந்த இயந்திரமே இன்றும் அதில் இருக்கிறதா, இயந்திரத்தில் பொறிக்கப்பட்ட இலக்கம் காரின் இலக்கத்தோடு பொருந்துகிறதா, வார்ப்பில் பதிந்த திகதிக் குறியீடு காரின் பிறந்த நாளுக்கு முந்தியதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்கள்.

இதில் என்னைக் கவர்ந்த ஒரு விடயம் உண்டு. தொழிற்சாலையில் ஒவ்வொரு காருக்கும் என்னென்ன பூட்ட வேண்டும் என்று அச்சிட்ட தாள் ஒன்று வேலையாட்களின் கைமாறிச் செல்லும். வேலை முடிந்ததும் அதற்குப் பயனில்லை. யாரோ ஒரு தொழிலாளி அதை ஆசனத்தின் கம்பிச் சுருள்களுக்குள் செருகிவிட்டிருப்பார். இன்று ஒரு காரைப் பிரிப்பவர்கள் முதலில் தேடுவது இந்தத் தாளைத்தான். அது கிடைத்தால் காருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்த மாதிரி.

நமது பசறைப் பாதைக் காரின் பின் ஆசனத்தையும் பாஸ் கழற்றினார். அதன் கீழே இருந்தது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூலமே ஒட்டுப் போட்டதுதான்

ஆறு லீற்றர் இயந்திரங்கள் நமது மலைப்பாதைகளுக்கு வரவில்லை. இங்கு வந்தது 803 கன சென்ரிமீற்றர் கொண்ட சின்னஞ்சிறு இயந்திரம், ஜி.டி.ஓ.வின் எட்டில் ஒரு பங்கு. வலு 30 குதிரை. ஆயினும் பதுளையிலும் பண்டாரவளையிலும் ஒரு தலைமுறைக்குக் கார் என்றால் மனக்கண்ணில் வருவது மொரிஸ் மைனர்தான்.

அதை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். அவர் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல. உஸ்மானியப் பேரரசின் துறைமுக நகரான ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில், 1906இல் கிரேக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1922இல் கிரேக்க துருக்கிய யுத்தத்தின் முடிவில் அந்த நகரம் தீக்கிரையான நாட்களில், பிரித்தானியக் கப்பல்களால் மோல்ட்டாவுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களில் அவரது குடும்பமும் ஒன்று. தந்தையை இழந்த நிலையில் தாயோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். எரிந்த ஊரிலிருந்து வெளியேறிய ஓர் இளைஞரின் கை பின்னாளில் இந்தக் காரை வரைந்தது. 1959இல் வந்த மினி காரும் அவருடையதே.

மொரிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அதற்குச் சிறிது காலம் முன்னர் நடந்த சம்பவம் ஒன்று கார் வரலாற்றில் புகழ்பெற்றது. தயாராகி நின்ற மாதிரிக் கார் ஒடுங்கலாகத் தெரிகிறது என்று இஸிகோனிஸுக்கு மனம் ஒப்பவில்லை. காரை நெடுக்காக இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினால் சரி என்று முடிவு செய்தார். முன், பின் தாங்கிக் கம்பிகளோ ஏற்கனவே செய்து முடிக்கப்பட்டிருந்தன. ஆகவே அவற்றையும் நடுவே வெட்டி இடையில் ஒரு துண்டு சேர்த்தார்கள். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டியும் அந்த நான்கு அங்குலத்தின் தடயமே.

தொழிற்சாலையின் உரிமையாளரான நஃபீல்ட் பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவில்லை. அவித்த முட்டை போல் இருக்கிறது என்றாராம். அந்த அவித்த முட்டை 1971 வரை 16 இலட்சம் அளவில் உற்பத்தியானது. பிரித்தானியாவில் 10 இலட்சத்தை எட்டிய முதல் கார் அதுவே.

1952இல் மொரிஸ் கம்பனியும் அதன் நீண்டகாலப் போட்டியாளரான ஒஸ்டினும் ஒன்றாக இணைந்தன. அவ்வாண்டு முதல் மைனரின் பழைய 918 கன சென்ரிமீற்றர் இயந்திரம் கைவிடப்பட்டு, ஒஸ்டினுக்காக உருவான 803 பொருத்தப்பட்டது. 1956இல் அது 948 ஆனது. இரு துண்டாக இருந்த முன்கண்ணாடியும் அப்போது ஒன்றாயிற்று. 1962இல் 1098 ஆனது. கதவுத் தூணிலிருந்து கை நீட்டுவது போல் எழும் திசைகாட்டிகள் 1961இல் நீங்கி, மின்னும் விளக்குகள் வந்தன. கடல் கடந்த இந்தியாவிலோ ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் இதே மைனரை 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் தயாரித்து வந்தது. தமிழ்நாட்டவர் நன்கறிந்த அம்பாசடரும் மொரிஸ் ஒக்ஸ்போர்டின் வழிவந்ததே. அது 2014 வரை உற்பத்தியானது.

இவற்றையெல்லாம் நான் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலை வாசலைத் தாண்டு முன்னரே இந்தக் கார் வெட்டி ஒட்டப்பட்டது. போட்டியாளரின் இயந்திரத்தை வயிற்றில் சுமந்தது. மாற்றமே காணாத மூல வடிவம் என்று ஒன்று இதற்கு இருந்ததில்லை. பாஸின் கேள்வியின் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஊவாவுக்கு வந்த கதை

மீதிப் பாதி ஊவாவில் இருக்கிறது.

மலையகப் புகையிரதப் பாதை 1924இல்தான் பதுளையை எட்டியது. தெமோதரையில் பாதை தன்னைத் தானே சுற்றி வளைந்து, தன் நிலையத்தின் கீழாகவே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. நிலையம் வரை கோச்சி வரும். அதற்கப்பால் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல என்று மலை மடிப்புகளில் விரிந்த தோட்டங்களுக்குப் பாதையே கதி. துரைமார்களின் பங்களாக்களும், டவுன் கடைகளும், தோட்டத்து ஆஸ்பத்திரிகளும் அந்தப் பாதைகளில்தான் இணைந்தன. சிறிய கார், குறைந்த பெற்றோல், கொண்டை ஊசி வளைவில் சொன்னபடி திரும்பும் சுக்கான் என்ற மூன்று காரணங்கள் மைனரை மலைக்கு ஏற்றதாக்கின.

நமது கார் முதலில் ஒரு தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் இருந்தது என்பது குடும்பத்தார் சொல்லும் கதை. அதன் இலக்கத் தகட்டில் இருந்தவை சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்ட இரு எழுத்துகள். 1957இல் அந்த முறை மாறி, சிங்கள 'ஸ்ரீ' எழுத்து தகட்டில் ஏறியது. தமிழ் மக்கள் அதை எதிர்த்தனர். வடக்கில் தொடங்கிய தார் பூசும் இயக்கம் மலையகத்தையும் தொட்டது. 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் பொலிஸார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். அடுத்த மாதம் நாடெங்கும் வன்செயல் மூண்டது. ஒரு காரின் இலக்கத் தகடு மனித உயிரைக் கேட்ட நாடு இது. இன்று சேகரிப்பாளர்கள் பழைய ஆங்கில எழுத்துத் தகடு உள்ள காரைத் தேடி அதிக விலை கொடுக்கிறார்கள். அந்தத் தகடு ஏன் மாறியது, மாறியபோது என்ன நடந்தது என்பதை அந்த விலை சொல்வதில்லை.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழி வகுத்தது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975இன் திருத்தமும் எஞ்சியிருந்த வெள்ளைத் துரைமாரின் காலத்தை முடித்தன. அவர்கள் போகும்போது பங்களாத் தளபாடங்களோடு கார்களும் கைமாறின. மாணவனின் பாட்டனார் இந்த மைனரை வாங்கியது அப்போதுதான். சரக்கு ஏற்றவும், பிரசவத்திற்கு ஆஸ்பத்திரி ஓடவும், கல்யாணத்திற்கு மாப்பிள்ளை அழைக்கவும் அந்தப் பாதை முழுவதற்கும் அது பொதுவாகப் பயன்பட்டது.

அதே வருடங்களில் பாஸின் மூத்த அண்ணன் குடும்பத்தோடு தலைமன்னார் கப்பலுக்குப் புறப்பட்டார். மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று சொல்லப்பட்ட அந்தப் புகையிரதத்திற்கு அவர்களைப் பெட்டி படுக்கையுடன் ஏற்றிப் போனது இந்தக் கார்தானாம். "திரும்பி வரும்போது பின் சீட்டு வெறுமையா இருந்திச்சு, சேர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இல்லாமையின் தொழில்நுட்பம்

உதிரிப்பாகம் வராத காலத்தில் காரை ஓட வைப்பது எப்படி? 1970களின் கராஜ்கள் ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்கான பள்ளிக்கூடங்கள்.

மைனருக்குத் தனியான சட்டகம் இல்லை. தரையும் உடலும் சேர்ந்தே பாரம் தாங்குபவை. ஆகவே தரை துருப்பிடித்தால் அது வெறும் ஓட்டையல்ல, காரின் முதுகெலும்பே தேய்வதாகும். ஊவாவின் வடகீழ்ப் பருவ மழைக்குத் துரு ஓய்வதே இல்லை. பாஸ் வேலை பழகிய கராஜில் எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி, நெருப்பில் காட்டி நிமிர்த்தி, வரிவரியாக வரம்பு தட்டித் தரைத் தகடு செய்தார்கள். வரம்பு தட்டுவது அழகுக்கல்ல. தட்டையான தகடு துடிக்கும், வரம்பிட்ட தகடு விறைத்து நிற்கும்.

முன் சக்கரத்தின் கீழ் மூட்டு இந்தக் காரின் பெயர்போன பலவீனம். அதற்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காமல் விட்டால் திருகு தேய்ந்து, ஒரு நாள் மூட்டு கழன்று, சக்கரம் உள்ளே மடிந்து கார் முழந்தாளிட்டுவிடும். பள்ளத்தாக்கின் விளிம்பில் அது நடந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரித்தானியாவில் புதிய மூட்டு வாங்கிப் பூட்டுவார்கள். இங்கு கடைசல் பட்டறையில் பழையதன் திருகைத் திருத்தினார்கள். வாரந்தோறும் கிரீஸ் அடித்தார்கள். பாஸின் கணக்கில் அந்தக் கார் ஒரு நாளும் முழந்தாளிட்டதில்லை.

1977 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தோடு பொருளாதாரம் திறக்கப்பட்டது. ஜப்பானிய வாகனங்கள் வந்தன. அவற்றின் பழைய இயந்திரங்களும் வந்தன. 1981இல் மைனரின் தேய்ந்த 803 இறக்கப்பட்டு டட்சன் 1200 ஏற்றப்பட்டது. சேகரிப்பாளர் பார்வையில் இது மன்னிக்க முடியாத கலப்பு. ஆனால், டட்சனைத் தயாரித்த நிஸான் கம்பனி 1952இல் ஒஸ்டினோடு ஒப்பந்தம் செய்து, ஜப்பானில் ஒஸ்டின் கார்களைப் பூட்டித்தான் தொழில் கற்றது. மைனரின் 803ஐச் செய்ததும் ஒஸ்டினே. ஆசானின் இயந்திரம் ஓய்ந்த இடத்தில் மாணவனின் இயந்திரம் அமர்ந்தது என்று அதைக் கொள்ளலாம். இன்று இந்த நியாயத்தைப் போட்டி நடுவர்கள் ஏற்கப் போவதில்லை என்பதையும் அறிவேன்.

காரின் பின் வலதுபுறச் சேற்றுக்காப்பில் சிறு சிறு குழிகள் இருந்தன. கண்ணுக்கு எளிதில் தெரியாது. உள்ளங்கையால் தடவினால் தெரியும். நல்ல டிங்கர் பாஸ் ஒருவர் இப்படி விட்டிருக்க மாட்டாரே என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது அவர் வேலை செய்த கராஜும் எரிந்தது. குடும்பத்தோடு சில வாரம் ஒளிந்திருந்துவிட்டு வந்து சாம்பலைக் கிளறியபோது கிடைத்தது ஒரு சுத்தியலின் தலை மட்டும். புதுப் பிடி போட்டு, அந்த ஒற்றைச் சுத்தியலால், தாங்கு இரும்பு கூட இல்லாமல் முதலில் செய்த வேலை இந்தச் சேற்றுக்காப்பு. மாணவனின் பாட்டனார் வேலையைக் குறை சொல்லவில்லை. கூலியைக் குறைக்கவும் இல்லை. பின்னர் நல்ல சுத்தியல்கள் வாங்கியபோது இதைத் திருப்பித் தட்டித் தருகிறேன் என்று பாஸ் கேட்டிருக்கிறார். "இருக்கட்டும் பாஸ், கார் ஓடுதுதானே" என்றாராம்.

இனி, பின் ஆசனம். அதன் அடிப்பலகை உக்கிப் போனபோது 1976இல் மாற்றுப் பலகை போட்டிருந்தார்கள். அது தேயிலைப் பெட்டியின் பலகை. அந்நாட்களில் நமது தேயிலை உலகம் போனது அந்த மெல்லிய ஒட்டுப் பலகைப் பெட்டிகளில். ஆசனத்தைக் கழற்றித் திருப்பியபோது, அச்சுத் தகடு வைத்துக் கறுப்பு மையில் அடித்த எழுத்துகள் தெரிந்தன. தோட்டத்தின் பெயரில் பாதியும், தேயிலை ரகத்தின் குறியும், பெட்டி இலக்கமும். அமெரிக்கக் காரின் ஆசனத்தின் கீழே தொழிற்சாலைத் தாள். நமது காரின் ஆசனத்தின் கீழே தோட்டத்தின் முத்திரை. பிறப்புச் சான்றிதழ் எது என்று இரண்டையும் பார்த்துக் கேட்டால், வளர்ந்த இடத்தின் சான்றிதழ் இது என்பேன்.

இந்தக் கைகளின் ஏற்றுமதி

இல்லாமையில் பழகிய இந்தத் திறனுக்கு உலகச் சந்தையில் மதிப்பில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களை மீட்பதற்கென்றே நிலையம் நடத்தியவர் சார்ள்ஸ் வெயார். காரை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதைவிட, திருத்தித் திருத்தி வைத்திருப்பதே பொருளாதாரத்திற்கும் நல்லது என்று வாதித்து 1980களில் நூலும் எழுதியவர். அங்கு மைனரின் உடற்பகுதிகள் கிடைப்பது அரிதானபோது அவர் திரும்பிப் பார்த்த நாடு இலங்கை. 1990களில் இலங்கையரான தனபால சமரசேகரவோடு கூட்டுச் சேர்ந்து 'டியூறபிள் கார் கம்பனி'யை இங்கு தொடங்கினார். நமது தொழிலாளர்கள் செய்த பகுதிகள் பிரித்தானிய மைனர்களுக்குப் பூட்டுவதற்காகக் கப்பலேறின.

சிந்திக்க வேண்டிய விடயம் இதுதான். ஒரே நாட்டுக் கைகள் செய்த தகடு, பாத் நகரத்துக் காரில் பொருந்தினால் மீட்பு. பதுளைக் காரில் பொருந்தினால் ஒட்டு. இந்த வேறுபாட்டைச் செய்தது இரும்பல்ல, எழுத்து. அங்கே கம்பனிப் பெயரும் நூலும் விலைப்பட்டியலும் இருந்தன. இங்கே பாஸின் நினைவு மட்டும் இருந்தது.

எழுதி வைப்பது

மீட்பது தவறு என்பது என் வாதமல்ல. பாஸ் போட்ட பீப்பாய்த் தகடும் ஐம்பது வருடத்தில் உக்கிவிட்டது. அதை அகற்றாவிட்டால் கார் இல்லை. கோழிக்கூட்டில் கிடந்து மண்ணாவதைவிட யாரோ ஒருவர் கையில் ஓடுவது மேல். அத்துடன், மூல நிலைக்கு மீட்பவர்களின் உழைப்பும் சாதாரணமானதல்ல; ஒரு சரியான ஆணிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

எனினும், மீட்பு என்றால் என்ன என்பதை அந்தத் துறையினரே இப்போது மறுபரிசீலனை செய்கின்றனர். பழைய கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் பேணுவதற்கு 1964இல் வெனிஸ் சாசனம் உருவானது. அதை முன்மாதிரியாகக் கொண்டு, பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012, 2013 காலப்பகுதியில் டூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. வாகனம் உற்பத்தியான கணம் மட்டுமல்ல, அது பயன்பட்ட காலம் முழுவதும் அதன் வரலாறே. பாவனையின் தடயங்களும் பேணத்தக்கவை. செய்யும் மாற்றம் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பவை அதன் சாரம். தொல்லியலில் மேல் மண்ணை வாரி எறிந்துவிட்டு அடி மண்ணை மட்டும் தேடக் கூடாது என்று படிப்பிக்கிறோமே, அதே பாடம்தான்.

இதை நான் வாங்கியவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். டட்சன் இயந்திரத்தைப் பற்றி அவர் மனம் மாறவில்லை. 803 ஒன்றை ஏற்கனவே தேடிப் பிடித்திருந்தார். சேற்றுக்காப்பையும் மாற்றத்தான் வேண்டும் என்றார். ஆனால், கழற்றும் ஒவ்வொன்றையும் படமெடுத்து, பாஸ் சொல்வதை எழுதும்வரை எதையும் பழைய இரும்புக்குப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

நான்கு சனிக்கிழமைகள் எங்கள் பத்தாம் தர மாணவர்கள் ஐவர் அந்தக் கராஜில் அமர்ந்து எழுதினார்கள். எண்பது பக்கக் கொப்பி ஒன்று நிறைந்தது. எந்த வருடம், எந்தப் பாகம், ஏன் உடைந்தது, எதைக் கொண்டு திருத்தியது, கூலி என்ன, காரில் யார் போனார்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. வருடம் நினைவில்லாத இடங்களில் பாஸ் வேறு அடையாளம் சொன்னார்: அண்ணன் போன வருடம், கராஜ் எரிந்த வருடம், மகள் பிறந்த வருடம். மாணவர்கள் பாடநூலில் தேடி அவற்றுக்கு ஆண்டு போட்டார்கள். பல ஆண்டுகளாக நான் கரும்பலகையில் எழுதி மனனம் செய்யக் கொடுத்த ஆண்டுகள் அவை. அன்றுதான் அவை யாருக்கோ நடந்தவை என்பது அவர்களுக்குப் புரிந்தது.

கொப்பியின் பிரதி ஒன்று காரோடு கொழும்பு போயிற்று. முன்பக்கத் தட்டின் அறையில் அதை வைத்திருப்பதாக உரிமையாளர் சொன்னார். மூலக் கொப்பி பாடசாலையில் இருக்கிறது. தேயிலைப் பெட்டிப் பலகையைப் பாஸ் எங்களுக்கே தந்துவிட்டார். வரலாற்று அறையின் சுவரில் எழுத்து தெரியும்படி மாட்டியிருக்கிறோம். சேற்றுக்காப்பு கராஜின் பின்சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை கேட்டும் பாஸ் கொடுக்கவில்லையாம்.

2025 பெப்ரவரி முதல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. புதிய கார்கள் மலையேறுகின்றன. பழைய பாஸ்மார் ஒவ்வொருவராகக் குறைந்து வருகின்றனர். உங்கள் ஊரிலும் ஒரு கொட்டிலில் ஒரு பழைய காரோ, லொறியோ, கடை முன்னால் ஒரு தராசோ இருக்கக்கூடும். அதைத் திருத்தியவர் இன்னும் உயிரோடு இருந்தால், விற்பதற்கு முன் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போய் அமருங்கள். பாஸின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றே.